மப்பு நாளில் கலர் பிலிம்: முகத்தைக் கெடுக்கும் தேர்வுகள்

மந்தார நாளில் நிறம் செத்துப் போகும், அதனால் நிறம் தூக்கலான பிலிம் போட்டு ஈடுகட்டலாம் என்று கோடாக்கின் எக்டார் 100 வாங்குவோர் அதிகம். எக்டார் நல்ல பிலிம்தான், கிருஷ்ணகிரி அணைக்கட்டை எடுக்க. முகத்தில் அது சிவப்பை ஏற்றிக் காட்டும். வெளிச்சம் ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைந்தாலே நிழலில் நீலம் பாயும். வேகமும் பத்தாது. கனத்த மூட்டத்தில் வெட்டவெளியில் ஐஎஸ்ஓ (பிலிம் வேகம்) 100-க்கு லென்ஸ் திறப்பு எஃப்/5.6, ஷட்டர் 1/125 வினாடி கிடைக்கும். அதே ஆளைச் சாலையோரப் புளியமரத்தடியில் நிறுத்தினால் மூன்று ஸ்டாப் வரை போய்விடும்: எஃப்/2.8, 1/60. ஆள் லேசாக அசைந்தாலும் படம் கலங்கும். 400 பிலிம் என்றால் அங்கேயே 1/250.

எனவே கோடாக்கிலேயே போர்ட்ரா 400. விலை கட்டுப்படியாகாவிட்டால் அல்ட்ராமேக்ஸ் 400. துகள் சற்றுத் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். கோல்டு 200-ன் மஞ்சள் சாயல் மூட்டத்துக்கு நன்றாகவே ஒத்துவரும், ஆனால் மர நிழலுக்குள் போகாதீர்கள். ஃபுஜி புரோ 400எச் தயாரிப்பு 2021-ல் நின்றுவிட்டது. இப்போது கைக்கு வருவது பழைய ரோல்தான். கல்யாண ஜோடியை அதில் எடுத்துப் பரீட்சை பார்க்க வேண்டாம்.

வானத்தையும் சேர்த்து வெளிச்ச மீட்டர் பார்ப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மூடிய வானம் கண்ணுக்கு மங்கல், மீட்டருக்குப் பளீர். வத்தல்மலை உச்சியில் ஆளை வானத்தின் முன் நிறுத்தி அளந்தால் முகத்துக்கு ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறைவாகவே போகும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் ஏற ஏற நீலம் கூடும். டேலைட் (பகல் வெளிச்ச) பிலிம் 5500 கெல்வினுக்குச் செய்தது. மூட்ட வெளிச்சம் 6500-க்கு மேல். நீலம் கூடுதல், சிவப்பு குறைவு. வெளிச்சம் பற்றாமல் போகும்போது பிலிமின் சிவப்பு அடுக்குதான் முதலில் பட்டினி கிடக்கும். நம் மாநிறத் தோலின் உயிரே அந்த அடுக்கில்தான். ஸ்கேனில் நீலத்தைக் குறைக்கலாம், பதிவாகாத சிவப்பைக் கொண்டுவர முடியாது.

கிட்டே போய் முகத்தை மட்டும் அளந்து, அதைப் பூட்டிவிட்டுப் பின்வாங்கி எடுங்கள். கறுத்த முகத்தை மீட்டர் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். அதிலேயே ஏறக்குறைய ஒரு ஸ்டாப் கூடிவிடும். நெகட்டிவுக்கு அது நல்லது. அதற்கு மேல் 400 பிலிமுக்கு ஏஎஸ்ஏ (பிலிம் வேக) டயலை 200-க்குத் திருப்பி, ஒரு ஸ்டாப் கூட்டும் +1 காம்பன்சேஷனும் வைத்தால் மூன்று ஸ்டாப் ஆகும், வீண். பிலிம் வேகத்தை ரோல் டப்பாவில் உள்ள டிஎக்ஸ் குறியீட்டிலிருந்து மட்டுமே படிக்கும் ஆட்டோ கேமராவில் டயலே இருக்காது. அதில் வானத்தை ஃப்ரேமுக்குள் விடாமல் எடுப்பதே வழி.

நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படமே விழும் ஸ்லைடு பிலிம் இந்த வேலைக்கு ஆகாது. அரை ஸ்டாப் பிசகினாலே தெரியும், நீலமும் அப்படியே தங்கிவிடும். எடுத்தே தீருவேன் என்பவர் நீலத்தைக் குறைக்கும் 81ஏ ஃபில்டர் போடட்டும். கேமரா லென்ஸ் வழியே அளந்தால் தனியாகத் திருத்த வேண்டாம். கை மீட்டர் என்றால் மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்.

சினிமா ரோலை வெட்டிச் சுற்றி விற்பதில் 500டி (500T) வாங்கி ஏமாறுவதும் உண்டு. அது 3200 கெல்வின் டங்ஸ்டன் விளக்குக்கானது; மூட்டத்தில் ஆள் நீலமாகிவிடுவார். ஆரஞ்சு நிற 85 ஃபில்டர் போட்டு, பிலிம் வேகத்தை 320 என்று வைத்து எடுக்கலாம். 250டி-யில் (250D) வரும் ‘டி’ (D) டேலைட்டைக் குறிக்கிறது, டங்ஸ்டனின் ‘டி’யோடு (T) குழப்பிக்கொள்ளாதீர்கள். பின்புறம் ரெம்ஜெட் கரும்பூச்சு இருக்கிற ரோலை சொல்லாமல் கலர் நெகட்டிவ் கழுவும் சாதாரண சி-41 லேபில் கொடுத்தால் அவர்களுடைய ரசாயனமே பாழாகும்.

மாந்தோப்புக்குள் எடுத்தால் எந்தப் பிலிமும் காப்பாற்றாது. இலையில் பட்ட பச்சை ஒரு கன்னத்தில், வானத்து நீலம் மறு கன்னத்தில். ஒரே முகத்தில் இரண்டு சாயல் இருந்தால் ஸ்கேனில் ஒன்றைத் திருத்த மற்றது கெடும். தோப்பின் ஓரத்துக்கு ஆளைக் கொண்டுவந்து முகத்தை வெட்டவெளிப் பக்கம் திருப்புங்கள். பச்சை விழும் பக்கத்தில், ஃப்ரேமுக்கு வெளியே, நாலாய் மடித்த வெள்ளை வேட்டியை ஒருவர் இரண்டடி தள்ளிப் பிடித்தால் போதும்.