எர்த் குழியில் தண்ணீர் ஊற்றினால் தீராத தவறுகள்

வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது என்று சொன்னதும், "எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் யோசனை. ஊற்றுவார்கள், பல வீடுகளில் ஒன்றும் மாறாது. கசியும் மின்சாரத்தை மண் குடித்துவிடும் என்ற நம்பிக்கைதான் இந்த யோசனைக்கு அடிப்படை. மெயின் போர்டில் நடக்கும் எர்த்திங் தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளம்புவதாகவே நான் நினைக்கிறேன். அதனால் முதலில் இதைத் தீர்த்துக்கொள்வோம்.

மின்சாரம் மண்ணைத் தேடிப் போவதில்லை. புறப்பட்ட இடத்துக்கே, அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் முனைக்கே திரும்பப் பார்க்கிறது. மண் அதற்கு ஒரு வழி, அதுவும் கரடுமுரடான வழி. மண்ணில் அடித்திருக்கும் உங்கள் எர்த் ராடு, அதாவது உலோகத் தடி, மண்ணோடு 25 ஓம் தடை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் ஃபேஸ் கம்பி மெஷினின் தகரத்தில் உரசுகிறது. அந்த ராடு வழியாக ஓடுவது 9 ஆம்பியர் சொச்சம்தான். 16 ஆம்பியர் பிரேக்கருக்கு இது சாதாரண லோடு, அது விழாது, அதாவது இணைப்பைத் துண்டிக்காது. யாராவது ஈரக்கையோடு தொடும்வரை தகரம் கிட்டத்தட்ட முழு வோல்டேஜோடு அப்படியே நிற்கும்.

அதே தகரத்திலிருந்து ஒரு செம்புக் கம்பி மெயின் போர்டு வரை வந்து, அங்கிருந்து உலோக வழியாகவே டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலைச் சேர்கிறது என்றால் கதை வேறு. மொத்தச் சுற்றின் தடை அரை ஓம் என்றால் 460 ஆம்பியர் பாயும். சி வகை 16 ஆம்பியர் பிரேக்கர் 160 ஆம்பியரைத் தொட்டாலே நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் விழுந்துவிடும். ஆக, இங்கே உயிரைக் காப்பது கருவியிலிருந்து போர்டுக்கு வரும் அந்தக் கம்பி. ராடுக்கு வேறு வேலை இருக்கிறது: மின்னலின் அதிர்ச்சியையோ, உயர் அழுத்தக் கம்பி அறுந்து தாழ்வழுத்தக் கம்பியில் விழும்போது வரும் அழுத்தத்தையோ தரைக்கு இறக்குவது, வீட்டு உலோகங்களைத் தரையின் மின்னழுத்தத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பது. குழாய்களையும் கட்டட இரும்பையும் ஒன்றாகக் கட்டும் பாண்டிங் கம்பி மூன்றாவது. ஒரே நேரத்தில் தொடக்கூடிய இரண்டு உலோகங்களுக்கு நடுவே வோல்டேஜ் வித்தியாசம் வராமல் பார்ப்பது அதன் வேலை. மூன்றையும் "எர்த்" என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைத்துவிடுகிறோம்.

மறுபடி அந்தச் சுர்ருக்கு வருவோம். மோட்டாரின் மின் இரைச்சலை வடிகட்ட மெஷினுக்குள் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை தகரத்தோடு இணைந்தவை. சாக்கெட்டின் எர்த் பின் எங்கும் போய்ச் சேராவிட்டால் தகரம் பாதி வோல்டேஜில் மிதக்கும், கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நின்றுவிடும். பெரும்பாலும் அந்தச் சுர் சொல்வது ஒன்றுதான்: வழியில் எங்கோ எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறது. குழியை நனைப்பதால் அறுந்த கம்பி ஒட்டாது. அதோடு, உள்ளே இன்சுலேஷன் போனால் அந்தச் சுர்ரே முழு ஷாக்காக மாறும்.

அடுத்தது நியூட்ரலையும் எர்த்தையும் எங்கே சேர்ப்பது என்பது. காணொளிகளைப் பார்த்துச் செய்பவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. அமெரிக்க முறையில் சர்வீஸ் மெயின் பேனலில் ஒரு பச்சை ஸ்க்ரூவோ பட்டையோ வைத்து இரண்டையும் இணைப்பார்கள், அங்கே அது விதி. பிரிட்டனில் டிஎன்-சி-எஸ் இணைப்பு (மின்வாரியமே நியூட்ரலிலிருந்து எர்த்தைப் பிரித்துத் தரும் வகை) உள்ள வீடுகளில் மின்வாரியத் தரப்பின் கட்-அவுட்டிலேயே, அதாவது ஃபியூஸ் பெட்டியிலேயே, அது முடிந்திருக்கும், வீட்டு போர்டில் யாரும் சேர்ப்பதில்லை. டிடி முறையிலோ மின்வாரியம் எர்த்தே தருவதில்லை. வீட்டுக்காரரின் சொந்த ராடுதான், பழுதான கரண்ட் மண் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். மேலே போட்ட 9 ஆம்பியர் கணக்கு அப்படியே பொருந்துவது இங்கேதான். அதனால் டிடி வீட்டில் பிரேக்கரை மட்டும் நம்ப முடியாது, போகிற கரண்டுக்கும் திரும்புகிற கரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே விழும் ஆர்சிசிபி என்ற கருவி கட்டாயம் வேண்டும். அங்கே பச்சை ஸ்க்ரூ காணொளியைப் பார்த்து நியூட்ரலை எர்த்தோடு சேர்த்தீர்கள் என்றால், வெளியே மின்வாரிய நியூட்ரல் அறுந்த நாளில் வீட்டு உலோகம் எல்லாம் உயிர்க்கம்பியாகிவிடும். எனவே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் உங்கள் இணைப்பு எந்த வகை என்று மின்வாரியத்திடம் கேளுங்கள்.

சேர்க்க வேண்டிய வகையிலும் ஒரே ஓர் இடத்தில்தான் சேர்க்க வேண்டும். மாடிக்கோ ஷெட்டுக்கோ துணை போர்டு வைக்கும்போது, "ஏற்கெனவே கீழே ஒன்றாகத்தானே இருக்கிறது" என்று நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே பாரில் (கம்பிகளைத் திருகும் உலோகப் பட்டையில்) திருகிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அந்த நொடியிலிருந்து திரும்பும் கரண்டுக்கு இரண்டு பாதைகள். ஒரு பங்கு நியூட்ரலில், மறு பங்கு எர்த் கம்பியில், உலோகக் குழாய்களில், போர்டின் தகரத்தில். பழுது எதுவும் இல்லாதபோதும் எர்த்தில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். துணை போர்டுக்கு வரும் நியூட்ரல் லூஸாகிவிட்டால் மொத்த லோடும் எர்த் கம்பியின் மேல் ஏறும். அதுவும் விட்டுப்போனால் போர்டின் கதவே ஷாக் அடிக்கும். துணை போர்டில் நியூட்ரல் பார் பெட்டியைத் தொடாமல் இன்சுலேட்டர் மேல் தனியாக நிற்க வேண்டும், எர்த் பார் பெட்டியோடு திருகியிருக்க வேண்டும்.

இந்தத் தவறு இருந்தால் ஆர்சிசிபி அடிக்கடி விழும். போகிற கரண்டும் நியூட்ரலில் வருகிற கரண்டும் ஒத்துப்போகாததால் அது விழுவது சரிதான். ஆனால் "இது தொல்லை" என்று ஆர்சிசிபியைக் கழற்றி நேராக இணைத்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான். பழுதைச் சொன்ன ஒரே கருவியை வாயடைத்துவிட்டு, பழுதை அப்படியே விட்டுவிடுகிறோம்.

பழைய வயரிங்கில் எர்த் கம்பி இல்லாத வீட்டில், மூன்று பின் சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டுக் கம்பி போட்டுவிடுவதும் இதே குடும்பம்தான். சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் மூன்று விளக்கு டெஸ்டர் "எல்லாம் சரி" என்று காட்டும். அந்த நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், ஆன் செய்த கருவியின் உடம்பு வழியாகவே ஃபேஸ் உங்களை வந்து சேரும். லோடு ஓடும்போது தூரத்துச் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட் காட்டுவது இயல்பு. அங்கே சுத்தமான பூஜ்யம் காட்டினால் மகிழாமல் சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டருக்கோ சோலாருக்கோ கேபிள் டிவிக்கோ "சுத்தமான எர்த்" என்று தனியாக ஒரு ராடு அடித்து, அதை மெயின் எர்த்தோடு சேர்க்காமல் விடுவதும் தவறு. பக்கத்தில் மின்னல் இறங்கினால் இரண்டு ராடுகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் வோல்டேஜ் வித்தியாசம் வரலாம், அது இரண்டையும் தொட்டிருக்கும் உங்கள் கருவிக்குள் பாய்ந்துதான் சமமாகும். எத்தனை ராடு வேண்டுமானாலும் அடியுங்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுங்கள். ராடுகளுக்கு நடுவே குறைந்தது ஒரு ராடின் நீளமாவது இடைவெளி விடுங்கள். நெருக்கி அடித்தால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

தண்ணீர்க் குழாயை மட்டும் நம்பியிருந்த பழைய வீடுகளில், யாரோ நடுவில் ஒரு முழம் பிளாஸ்டிக் குழாய் மாற்றியதோடு எர்த் போய்விட்டிருக்கும். இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, போய்ப் பாருங்கள்.

இணைப்புகளில் பெயின்ட் மேலேயே லக்கை (கம்பி முனையில் மாட்டும் உலோக வளையத்தை) திருகுவது, செம்பையும் அலுமினியத்தையும் நேருக்கு நேர் முறுக்குவது, மண்ணுக்குள் புதையும் இடத்தில் சாதாரண கிளாம்ப் போடுவது எல்லாம் இரண்டு மழைக்காலம் தாண்டாது. கருவிக்குப் போகும் எர்த் கம்பி, ஃபேஸ் கம்பி 16 சதுர மில்லிமீட்டர் வரை இருந்தால் அதே அளவில் இருப்பது பாதுகாப்பான வழக்கம். பலருக்குத் தெரியாதது இன்னொன்று: ராடுக்கு இறங்கும் செம்புக் கம்பியை இரும்புக் குழாய்க்குள் விட்டால், குழாயின் இரண்டு முனைகளையும் அந்தக் கம்பியோடு இணைக்க வேண்டும். இல்லையென்றால் மின்னல் போன்ற திடீர்ப் பாய்ச்சலில் இரும்பின் காந்த விளைவு கம்பியில் ஓடும் கரண்டையே நெரித்துத் தடுக்கும்.

கடைசியாகச் சோதனை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பு எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்பார்கள். 100 வாட் பல்பு இழுப்பது 0.43 ஆம்பியர்தான். எர்த்தின் தடை 50 ஓம் என்றாலும் வீணாவது 20 வோல்ட் அளவு, பல்பு பளிச்சென்றே எரியும். பழுது வந்தாலோ அதே எர்த்தில் 4.6 ஆம்பியருக்கு மேல் போகாது. அதைவிட மோசம், எர்த் அறுந்திருந்தால் அந்தப் பல்பு வழியாகவே ஃபேஸ் எல்லாக் கருவிகளின் தகரத்துக்கும் போய்விடும். பழுது கரண்ட் ஓடும் மொத்தச் சுற்றின் தடையை அளக்கும் லூப் டெஸ்டர், மண்ணோடு ராடின் தடையை அளக்கும் எர்த் டெஸ்டர் வைத்திருப்பவரை வரவழையுங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் அதற்கு முன்னால் உள்ள முனைகளில் சப்ளை இருந்துகொண்டேதான் இருக்கும், அதனால் போர்டை நீங்களே திறக்க வேண்டாம். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். ஆனால் அது விழுந்தால் கருவி வேலை செய்கிறது என்று மட்டும்தான் பொருள். அந்தப் பட்டன் எர்த் கம்பியைத் தொடுவதே இல்லை. எர்த்தே இல்லாத வீட்டிலும் அழுத்தினால் அது விழும்.