எஞ்சின் மாற்றிய கார் மலைநாட்டில் கூடுதலாகப் பெற்றோல் குடித்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

எஞ்சின் மாற்றிய பிறகு கார் முன்னைவிடக் கூடுதலாகப் பெற்றோல் குடிக்கிறது என்ற முறைப்பாடு ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் அடிக்கடி கேட்கக்கூடியது. உடனே வாங்கிவந்த ரீகண்டிஷன் எஞ்சின் தேய்ந்தது என்று முடிவுகட்டி, அதைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கவே பலர் ஆயத்தமாகிவிடுகிறார்கள். எஞ்சினின் உட்பகுதியைச் சந்தேகிப்பது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. மாற்றும்போது கை பட்ட இடங்களை, அதாவது கழற்றி மாட்டிய சென்சர்கள், குழாய்கள், கேபிள்கள், வயர் இணைப்புகள், குளிர்நீர்ப் பாதை ஆகியவற்றை, முதலில் ஒழுங்காகப் பார்த்துவிட்டால் பெரும்பாலான கார்களில் காரணம் அங்கேயே அகப்பட்டுவிடும். பெற்றோல் வாடை அடிக்கிறதா, ஃபியூவல் குழாய் இணைப்புகளில் ஈரம் தெரிகிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னர் பாருங்கள். கசிவு இருந்தால் அதை அடைக்கும் வரை வண்டியை இயக்கக் கூடாது.

அடுத்து, செலவு உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்பதை அளந்து உறுதிப்படுத்த வேண்டும். மலைநாட்டில் இந்த அளவீட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் கார் சுமார் 1,400 மீற்றர் உயரம் ஏறுகிறது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மாத்திரம், எஞ்சின் பெற்றோலின் சக்தியில் கால்வாசியைப் பயன்படுத்துகிறது என்று கொண்டால், ஏறத்தாழ 2 லீற்றர் செலவாகும். ஆகவே ஏறும்போது எடுத்த கணக்கைக் கொழும்பில் ஓடியபோது கிடைத்த கணக்கோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒரே ஷெட்டில், ஒரே பம்பில், முனை தானாக நிற்கும் வரை தாங்கியை நிரப்பி, ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த வழக்கமான பாதையில் சில நாட்கள் ஓடி, புறப்பட்ட அதே பம்புக்கு வந்து மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள். தூரம் 200 கிலோமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் நிரப்புவதில் ஏற்படும் சிறு வித்தியாசம் கணக்கைக் குழப்பாது.

அந்தத் தூரத்தைக் காட்டும் மீற்றரையும் சோதிக்க வேண்டும். எஞ்சினோடு கியர் பெட்டியும் மாறியிருந்தால் வேக சென்சரின் பற்சக்கரம் பழைய மீற்றருக்குப் பொருந்தாமல் போகலாம். அப்போது ஓடிய தூரம் குறைவாகப் பதிவாகி, பெற்றோல் வீணாவது போன்ற தோற்றம் வரும். டயர் மாற்றமும் இதையே செய்யும்: 175/65ஆர்14 டயருக்குப் பதிலாக 185/65ஆர்15 போட்டால் சக்கரத்தின் விட்டம் 6 சதவீதத்துக்கு மேல் கூடும், மீற்றர் அதே அளவுக்குக் குறைத்துக் காட்டும். வீதியோரக் கிலோமீற்றர் கற்களை வைத்துப் பத்துக் கிலோமீற்றருக்குச் சரிபாருங்கள். வளைவுகள் நிறைந்த பாதையில் தொலைபேசியின் ஜீபிஎஸ் வளைவுகளைக் குறுக்கே வெட்டிக் கணக்கிடக்கூடும் என்பதால் கல்லே நம்பகமானது.

அளவீடு சரியாக இருந்தும் செலவு கூடுதல் என்றால், நான் முதலில் கை வைக்கச் சொல்வது தெர்மோஸ்டாட்டில், அதாவது நீர் சூடாகும் வரை ரேடியேற்றருக்குப் போகும் வழியை மூடிவைத்திருக்கும் வால்வில். ஏற்றத்தில் எஞ்சின் கொதித்துவிடும் என்ற பயத்தில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் மூடியைப் பூட்டும் பழக்கம் நம் கராஜ்களில் நெடுநாளாக உண்டு. எஞ்சின் மாற்றும் நாள்தான் அதற்கு வசதியான நாள். நுவரெலியாவின் குளிரில் தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டுவதே இல்லை. வெப்பம் எட்டாத வரை ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) எஞ்சினைக் குளிர்ந்ததாகவே கருதிக் கூடுதல் பெற்றோலைப் பாய்ச்சிக்கொண்டிருக்கும். ஓட்டோ கியர் கார்களில் நட்டம் இரட்டிப்பாகும், ஏனெனில் நீர் சூடாகாத வரை ஓவர்டிரைவையும் டோர்க் கன்வேட்டரின் லொக்-அப்பையும் (எஞ்சினையும் கியர் பெட்டியையும் வழுக்காமல் நேரடியாகப் பிணைக்கும் பூட்டு) பல கார்கள் அனுமதிப்பதில்லை. வேறு சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டே பைபாஸ் வழியை (ரேடியேற்றரைத் தொடாமல் நீர் சுற்றும் குறுக்கு வழி) அடைக்கும் வால்வாகவும் வேலை செய்வதால், அதைக் கழற்றினால் நீர் ரேடியேற்றருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றி, எந்தக் கொதிப்புக்குப் பயந்தார்களோ அதையே வரவழைத்துவிடும்.

டாஷ்போர்ட்டில் உள்ள வெப்ப முள்ளை நம்பி இதைத் தீர்மானிக்க முடியாது. பல கார்களில் முள்ளுக்குச் செய்தி அனுப்பும் ஒற்றை வயர் சென்சர் வேறு, ஈசியுவுக்குச் செய்தி அனுப்பும் இரட்டை வயர் சென்சர் வேறு. புதிய எஞ்சினோடு வந்த ஒற்றை வயர் சென்சர் பழைய மீற்றருக்குப் பொருந்தாவிட்டால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முள் நடுவில் நிற்கக்கூடும். ஈசியுவோடு இணைத்து அதன் எண்களை வாசிக்கும் ஸ்கேனர் கருவியில் நீரின் வெப்பத்தைப் பாருங்கள். ஸ்கேனர் இல்லையெனில், காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கி, விசிறியில் படாமல் கவனமாக ரேடியேற்றருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சினிலிருந்து நீர் வெளியேறும் பக்கத்தில் தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சினில், அது நலமாக இருந்தால் ஹோஸ் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திர நீரில் போட்டு அடுப்பில் வைத்தும் சோதிக்கலாம். அதன் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தால் 82 பாகை செல்சியஸ் அளவில் திறக்கத் தொடங்க வேண்டும். நுவரெலியாவில் திறந்த பாத்திர நீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்றாலும் இந்தச் சோதனைக்கு அது தாராளமாகப் போதும். ஏற்றத்தில் உண்மையாகவே கொதிக்கும் காருக்கு ரேடியேற்றரைச் சுத்தம் செய்வதும், விசிறியைப் பார்ப்பதும், அழுத்தம் தாங்கும் நல்ல மூடியைப் போடுவதுமே மருந்து. உயரமான இடத்தில் அந்த மூடியின் அருமை இன்னும் கூடுகிறது.

தெர்மோஸ்டாட் சரியாக இருந்தும் ஸ்கேனர் குளிர்ந்த வெப்பநிலையைக் காட்டினால் இரட்டை வயர் சென்சரைப் பாருங்கள். பெரும்பாலான டொயோட்டா எஞ்சின்களில் அதன் மின்தடை 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம் வரையும், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரையும் இருக்கும். இணைப்பு முற்றாக அறுந்திருந்தால் ஈசியு அதைப் பிழை என்று கண்டு விளக்கை எரிக்கும். ஆனால் நம் ஈரக் காற்றில் பச்சைக் களிம்பு பூத்த ஊசி இணைப்பு, தடையை ஓரளவு கூட்டி, எஞ்சின் எப்போதும் குளிர்ந்திருப்பதாகப் பொய்ச் செய்தி அனுப்பும். அதற்கு எந்த விளக்கும் எரியாது. இணைப்பைக் கழற்றி முனைகளைத் துலக்கிவிட்டு மறுபடி வாசித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மலைநாட்டுக் காருக்கென்றே சிறப்பாகப் பார்க்கவேண்டிய இன்னொன்று, இறக்கத்தில் பெற்றோல் நிற்கிறதா என்பது. கியரில் இருக்கும்போது எக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜெக்‌ஷன் எஞ்சினின் ஈசியு, சுழற்சி ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் வரை பெற்றோலை முழுவதுமாக நிறுத்திவிடும். நுவரெலியாவிலிருந்து றம்பொட வழியாக இறங்கும் காருக்கு இது பெரிய சேமிப்பு. ஆனால் திரொட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு) முழுமையாக மூடியிருக்கிறது என்ற செய்தி கிடைத்தால் மாத்திரமே ஈசியு இதைச் செய்யும். எஞ்சின் மாற்றும்போது எக்ஸிலேற்றர் கேபிளை அதிகமாக இறுக்கிவிட்டாலோ, திரொட்டில் சென்சரைக் கழற்றிக் கோணம் தவறிப் பூட்டிவிட்டாலோ, அந்தச் செய்தி போகாது. கார் இறக்கம் முழுவதும் பெற்றோல் எரித்துக்கொண்டே வரும். கேபிளில் சிறிதளவு தளர்ச்சி இருக்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகு, நிறுத்திய காரில், நீண்ட ஸ்குரூட்ரைவரின் நுனியைப் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டரின் உடலில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேளுங்கள். இன்னொருவர் சுழற்சியை 3,500 வரை உயர்த்திச் சட்டென்று காலை எடுக்கும்போது, டிக் டிக் என்ற ஒலி ஒரு கணம் முற்றாக நின்று, சுழற்சி இறங்கியதும் மறுபடி தொடங்க வேண்டும். இடைவிடாமல் ஒலித்தால் கேபிளையும் சென்சரையும் சரிசெய்யாமல் வேறெதற்கும் செலவு செய்யாதீர்கள். செலவைக் குறைக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்குவது இதற்கு மாற்றாகாது. அப்போது எஞ்சின் ஐட்லில் பெற்றோல் எரித்துக்கொண்டிருக்கும், எஞ்சின் பிரேக்கும் இல்லாமல் போகும். மலைப்பாதையில் அது உயிராபத்து.

காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவை பற்றிய செய்தியை ஸ்கேனரின் ஃபியூவல் டிரிம் எண்கள், அதாவது ஈசியு பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று காட்டும் எண்கள், சொல்லும். எஞ்சின் சூடாகி, புகைக் குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சர் வேலை செய்யும் நிலையில் நீண்டகால டிரிம் மறைப் பெறுமானமாக, உதாரணமாக மறை 15 ஆக நின்றால், கூடுதலாக வரும் பெற்றோலை ஈசியு குறைக்கப் பார்க்கிறது என்று பொருள். எஞ்சினின் உள்வரும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மெப் சென்சருக்குப் போகும் சிறிய இறப்பர் குழாயின் வெடிப்பு, ஒழுகும் இன்ஜெக்டர், கூடிய ஃபியூவல் அழுத்தம் ஆகியவற்றைத் தேடுங்கள். அந்தக் குழாய் வெடித்திருந்தால் சென்சர் அழுத்தத்தைக் கூட்டிச் சொல்லும், ஈசியு அதற்கேற்பப் பெற்றோலைக் கூட்டும். டிரிம் சுழியத்துக்கு அருகில் இருந்தும் செலவு கூடுதல் என்றால் கலவையில் குற்றமில்லை, சக்கரங்களின் பக்கம் போக வேண்டும். எண்களே அசையாமல் நின்றால் ஒட்சிசன் சென்சர் கணக்கில் எடுக்கப்படவில்லை. நலமான சாதாரண வகைச் சென்சரின் மின்னழுத்தம் சூடான எஞ்சினில் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் ஓயாமல் ஏறி இறங்கும். ஸ்கேனர் பொருந்தாத பழைய டொயோட்டாக்களில், பொனட்டுக்குக் கீழ் உள்ள டயக்னோசிஸ் பெட்டியில் டீஈ1, ஈ1 ஆகிய துளைகளை வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் விளக்கு எண்களாக மினுங்கும்: 21 ஒட்சிசன் சென்சர், 22 நீர்வெப்ப சென்சர், 41 திரொட்டில் சென்சர், 42 வேக சென்சர்.

பலர் கவனிக்காத ஒரு சாட்சி காருக்குள்ளேயே கிடக்கிறது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் செய்யும் புகைப் பரிசோதனையின் தாளில் காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன் ஆகிய இரண்டின் அளவும் அச்சாகியிருக்கும். மாற்றத்துக்கு முந்திய தாளையும் பிந்திய தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காபனோரொட்சைட்டு ஏறியிருந்தால் கலவையில் பெற்றோல் கூடுதல். அது குறைவாக இருந்து ஐதரோகாபன் மாத்திரம் ஏறியிருந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் பற்றவைப்பு தவறுகிறது என்று ப்ளக், கொயில், வயர்களைப் பார்க்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள, டொயோட்டாவின் 5ஏ-எஃப்ஈ போன்ற எஞ்சின்களில் டைமிங்கை (ப்ளக் பொறி விடும் நேரம்) காதால் வைத்துவிட்டுப் போவது போதாது. டீஈ1, ஈ1 இணைத்த நிலையில் ஐட்லில் டைமிங் விளக்கு 10 பாகை முன்னதாகக் காட்ட வேண்டும். எஞ்சினும் ஈசியுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையா என்பதையும் இங்கேயே உறுதிசெய்யுங்கள். குறைந்த பெற்றோல் கலந்த கலவையில் ஓடும் லீன்-பேர்ன் எஞ்சினுக்குச் சாதாரண ஈசியுவைப் பூட்டினால் எந்தச் சரிசெய்தலும் அதைக் காப்பாற்றாது. காபரேற்றர் எஞ்சின் போட்டவர்கள், கடல்மட்டத்துக்கு அளவிட்ட ஜெட் (பெற்றோல் வரும் சிறு துளை) நுவரெலியாவின் மெல்லிய காற்றில் கலவையை ஏறத்தாழ 10 சதவீதம் செறிவாக்கும் என்பதைக் கணக்கில் எடுத்துச் சிறிய ஜெட் போடலாம். அடிக்கடி கொழும்புக்கு இறங்குபவர்களுக்கு அது ஒத்துவராது.

இழுவையைச் சோதிக்க ஏற்றமே நல்ல இடம். இறங்கி வந்த காரில் எல்லாச் சக்கரமும் சுடும் என்பதால் அங்கே பிரேக் பிடித்திருப்பது தெரியாது. நீண்ட ஏற்றத்தின் முடிவில், பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மாத்திரம் சுட்டால் அந்தப் பிரேக் விடுபடவில்லை. அதே ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்தும்போது சுழற்சி ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது.

இவ்வளவும் சரியென்று கண்ட பிறகே கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும் அளவை, ப்ளக் துளையில் பூட்டும் அழுத்தமானியால் பார்க்க வேண்டும். எல்லா ப்ளக்குகளையும் கழற்றி, பற்றவைப்பையும் இன்ஜெக்டர்களையும் துண்டித்து, திரொட்டிலை முழுவதும் திறந்து, நல்ல பற்றரியோடு சுழற்றுங்கள். நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. புத்தகத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு 13 கிலோ என்றிருக்கும் அளவு அங்கே பத்தரையாகத் தெரிந்தால் எஞ்சின் தேய்ந்தது என்று சொல்லக் கூடாது. சிலிண்டர்களுக்கிடையிலான வித்தியாசமே முக்கியம். ஒன்று மாத்திரம் மற்றவற்றைவிட 1 கிலோவுக்கு மேல் குறைந்தால், அதற்குள் சிறிது எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளவுங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அளந்த இடத்தையும் நான்கு எண்களையும் எழுதிக்கொண்டு, விற்றவர் தந்த உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அவரிடம் பேசுங்கள்.