பிக்கப்புல டிரெய்லர் மாட்டி செம்பனைக் குலை, உரம், தண்ணி ஏத்துறவங்க கொஞ்சம் படிச்சுட்டுப் போங்க

நம்ம நெகிரி செம்பிலான் பகாவ் சைடுல சொந்தமா கொஞ்சம் செம்பனை வச்சிருக்கிறவங்க பல பேரு லோரிக்கு காத்துக்கிட்டு இருக்காம, ஹைலக்ஸ், ட்ரைடன், டி-மேக்ஸ்னு கையில இருக்குற பிக்கப்புக்குப் பின்னால டிரெய்லர மாட்டி அவங்களே மில்லுக்கு குலை கொண்டு போறாங்க. நல்ல விஷயம்தான், ஆனா கேக்குற கேள்வி எப்பவும் "எவ்வளவு இழுக்கும்"னுதான் இருக்கு. டீசல் இன்ஜின் இழுத்துரும்ங்க. அந்த வெயிட்ட இறக்கத்துல பிடிச்சு நிறுத்த முடியுமா, அதப் பாருங்க மொதல்ல.

50 கிலோ உர மூட்டை 20 போட்டா ஒரு டன். 1000 லிட்டர் தண்ணி டேங்கும் ஒரு டன், டேங்கோட வெயிட் தனி. பெரிய பிக்கப்புங்களுக்கு கம்பெனி 3500 கிலோ வரைக்கும் போட்டிருப்பாங்க, அது சொந்த பிரேக் இருக்குற டிரெய்லருக்குத்தான், டிரெய்லர் எடையும் அதுக்குள்ளயே அடக்கம். பிரேக் இல்லாத டிரெய்லர்னா பொதுவா 750 கிலோதான், ஆஸ்திரேலியாவுல அதத் தாண்டினா டிரெய்லருக்கு பிரேக் இருந்தே ஆகணும்னு சட்டமே இருக்கு. உங்க காடிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல பாருங்க, பக்கத்து வீட்டுக்காரரு இழுக்குறாருன்னு நீங்களும் ஏத்தாதீங்க. பிக்கப் பின்னால தொட்டியிலயும் மூட்டைய அடுக்கிட்டு டிரெய்லரயும் ஃபுல்லா ஏத்துறது ரொம்ப தப்பு, ஏன்னா ஹிட்ச் (பிக்கப்புக்குப் பின்னால டிரெய்லர் மாட்டுற இடம்) மேல அழுத்துற வெயிட்டும் பிக்கப்பு சுமக்குற கணக்குலதான் வரும்.

இப்ப ஏத்துற விதம். ரொம்ப முக்கியமான இடம் இது. மில்லுல தள்ளி விட ஈஸியா இருக்கும்னு குலைய பின்பக்கமா குவிக்கிறாங்க பாருங்க, அங்கதான் ஆபத்தே ஆரம்பிக்குது. பின்னால வெயிட் கூடுச்சுன்னா அது ஹிட்ச்ச மேல தூக்கும், பிக்கப்போட பின் டயருக்கு பிடிமானம் குறையும், கொஞ்சம் வேகம் போனதும் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிச்சுரும். அதனால டிரெய்லர் அக்ஸலுக்கு (சக்கர அச்சுக்கு) முன்னால 60 பங்கு, பின்னால 40 பங்குன்னு ஏத்துங்க. டிரெய்லர் மொத்த எடையில 10லருந்து 15 சதவீதம் ஹிட்ச் மேல உக்காரணும். அளக்கணும்னா மில் தராசுலயே அளக்கலாம், டிரெய்லர கழட்டி தனியா நிறுத்தி ஒரு தடவ, அப்புறம் பிக்கப்புல மாட்டி டிரெய்லர் சக்கரம் மட்டும் தராசுல இருக்குற மாதிரி ஒரு தடவ, ரெண்டுக்கும் வித்தியாசம்தான் ஹிட்ச் வெயிட். தண்ணி டேங்க்னா முழுசா நிரப்புங்க இல்லன்னா காலியா கொண்டு போங்க, பாதி தண்ணி வளைவுல ஒரே பக்கமா ஓடி காடியையே சாய்க்கும்.

மாட்டும்போது ஹிட்ச்சுல இருக்குற உருண்டையோட (பால்) சைஸும், அதுமேல பூட்டுற டிரெய்லர் மூக்கோட (கப்ளர்) சைஸும் ஒண்ணா இருக்கணும், ரெண்டுலயும் பொறிச்சிருப்பாங்க. பூட்டினதுக்கப்புறம் டிரெய்லர் ஜாக்க சுத்தி கொஞ்சம் தூக்கிப் பாருங்க, பிக்கப்போட பின்பக்கமும் சேர்ந்து எழும்பினா சரியா பூட்டியிருக்குன்னு அர்த்தம். சேஃப்டி செயின் ரெண்டையும் கப்ளருக்கு அடியில குறுக்கா மாட்டுங்க, கழண்டாலும் டிரெய்லரோட மூக்கு ரோட்டுல குத்தாம செயின் மேல விழும். லைட்டு, சிக்னல், டயர் காத்து, எல்லாம் பாத்துருங்க. குலைக்கு மேல வலை கட்டாம மெயின் ரோட்டுக்கு வராதீங்க, ஒரு குலை விழுந்தா பின்னால மோட்டார்ல வர்ற பிள்ளைங்க கதி என்ன ஆகும்? ஒர்க்‌ஷாப்புல சும்மா வெல்டிங் பண்ண டிரெய்லர்னா ரோட்டுக்கு எடுக்குறதுக்கு முன்னால ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகாவுல) கேட்டுக்குங்க.

மழை பெஞ்ச செம்மண் ரோட்டுல போர்-வீல் (நாலு சக்கரமும் இழுக்குற கியர்) போடுங்க, தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துருங்க. இறக்கம் வர்றதுக்கு முன்னாலயே கியர குறைச்சுருங்க, பாதி இறக்கத்துல குறைக்கலாம்னு நெனைக்காதீங்க. பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்கினா சூடேறி, கடைசியில மிதிச்சாலும் பிடிக்காது. டிரெய்லர் ஆட ஆரம்பிச்சா ஆக்சிலேட்டர்லருந்து கால எடுத்துட்டு ஸ்டியரிங்க நேரா பிடிச்சுக்குங்க, அவ்வளவுதான், எதிர்ப்பக்கம் திருப்பாதீங்க, படார்னு பிரேக்கும் அடிக்காதீங்க. ஒரு பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி சக்கரத்து நடுவுல கைய கிட்ட கொண்டு போய்ப் பாருங்க, தொட முடியாத சூடுன்னா பேரிங்ல கிரீஸ் இல்ல, இல்லன்னா பிரேக் உரசுது.

ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கோட அடியில கைய வச்சுக்குங்க, டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கைய நகர்த்தினா போதும். மெதுவா, ஒரு ஆள பக்கவாட்டுல நிக்க வச்சு. நேர் பின்னால யாரையும் நிக்க விடாதீங்க.

குலை மேல வேலையாள உக்கார வச்சுக்கிட்டு போறது இன்னும் நடக்குதுங்க, தயவுசெஞ்சு வேணாம், ரெண்டு நட போனாலும் பரவாயில்ல பிக்கப்புக்குள்ள ஏத்திக்குங்க. கழட்டும்போது சமதளத்துல நிறுத்தி, மொதல்ல டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைங்க, ஜாக்க இறக்குங்க, அப்புறம் கப்ளர், கடைசியா செயின். சரக்க எறக்கும்போது டிரெய்லர் பிக்கப்புல மாட்டியே இருக்கட்டும், முன்னால உள்ளத மொதல்ல எறக்கிட்டா கழட்டுன டிரெய்லரோட மூக்கு சட்டுனு மேல எழும்பி முகத்துலயே அடிக்கும்.