மொட்டை டயரும் கொல்லிமலை வளைவும்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் 100 சிசி வண்டிக்கு வளையவே மனசில்லை என்பது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் தெரிந்தது. சாய்த்தால் முதலில் பிடிவாதம். பிறகு சட்டென்று விழப்போகிற மாதிரி ஒரு சாய்வு. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைத்தான் சந்தேகப்பட்டேன். பார்த்தால் பின்டயர் நடுவில் தேய்ந்து பலகையாகக் கிடந்தது. முன்டயரில் பட்டன் (ரப்பர் மேடுகள்) இருந்தது, ஆனால் பக்கவாட்டில் 2314 என்ற எண். அதாவது 2014-இன் 23-வது வாரம் செய்தது. ரப்பர் கல்லாகியிருந்தது.

கெத்தாக இருக்கட்டுமே என்று பின்னால் 100 மி.மீ அகலமுள்ள 100/90 டயர் கேட்டேன். பஞ்சர் கடை அண்ணன் சிரித்தார். “ரிம் அகலம் 1.60 இன்ச் தான் தம்பி. அகல டயரைப் போட்டா ரெண்டு பக்கமும் இடுங்கி, உருண்டையாத்தான் நிக்கும்.” சரியென்று முன்னால் 2.75-18, பின்னால் 80/100-18 அளவு டயர் போட்டேன். ட்யூபும் புதுசு, நீண்டுபோன பழசைப் போட்டால் உள்ளே மடிந்து கிழியும். டயரிலுள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் பக்கம் இருக்கிறதா என்று கூடவே நின்று பார்த்தேன்.

தனியாகப் போக முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ காற்று. புது ரப்பரின் வழுவழுப்பு போக முதல் 150 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிக்கொண்டுதான் போனேன். இப்போது பார்வை போகிற பக்கம் வண்டி சாய்கிறது. ஃபோர்க்கைத் தொடவே இல்லை.