முகம் அடிக்கடி சிவக்குதா? ஸ்டீராய்டு க்ரீம் பக்கமே போகாதீங்க

வெளுத்த தோல் இருக்கறவங்களுக்கு கன்னம், மூக்கெல்லாம் சிவந்து அந்த சிவப்பு போகவே மாட்டேங்குதுன்னா அது ரொசேஷியாவா (முகம் சிவந்துபோற, நாள்பட்ட ஒரு தோல் பிரச்சனை) இருக்கலாம், வெயில் பட்டதுதானேன்னு விட்டுடாதீங்க. தயவுசெஞ்சு டாக்டர் சொல்லாம ஸ்டீராய்டு க்ரீம் போடாதீங்க, கொஞ்ச நாள் குறைஞ்ச மாதிரி இருக்கும், நிறுத்தினதும் முன்னைவிட மோசமா திரும்பி வரும். ஜிங்க் ஆக்சைடு இருக்கற சன்ஸ்க்ரீன், எஸ்பிஎஃப் (வெயில்ல இருந்து காக்கற அளவு) குறைஞ்சது 30, மேகமூட்டமா இருந்தாலும் தினமும் போடுங்க. முகம் கழுவ வெதுவெதுப்பான தண்ணி போதும், துண்டால தேய்க்காம ஒத்தி எடுங்க. சூடா குடிக்கறது, மது, காரம், டென்ஷன்னு இதுல எது உங்களுக்கு சிவப்பை கிளப்பி விடுதுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க, ஆளுக்கு ஆள் மாறும். கண்ணு எரிஞ்சு உறுத்துச்சுன்னா தள்ளிப்போடாம உடனே காட்டிடுங்க, ரொசேஷியா கண்ணையும் பாதிக்கும்.