பன்னிரு தலைவர்களும் ஒரு வாரிசுச் சண்டையும்

வியட்நாமின் பன்னிரு குறுநிலத் தலைவர்கள் காலத்தைப் பற்றி எழுதும்போது கால் சறுக்குவது பெரும்பாலும் தொடக்கத்திலேயேதான். 938இல் பாக் தாங் ஆற்றில் தென்சீன அரசான தென் ஹானின் படையை முறியடித்த மன்னர் ங்கோ குயென் 944இல் இறந்ததும் நாடு பன்னிரண்டாக உடைந்தது என்று எழுதிவிடாதீர்கள். இடையில் இருபது ஆண்டுகள் ஓடின. முதலில் அரசியின் உடன்பிறந்தவரான யுவோங் தாம் கா அரியணையைப் பறித்துக்கொண்டார். 950இல் அவரை இறக்கிய ங்கோ குயெனின் மகன் சுவோங் வான், கொல்லாமல் விட்டார். தலைமறைவாக இருந்த அண்ணனையும் அழைத்துவந்து சேர்ந்து ஆண்டார். பெருந்தன்மைதான், ஆனால் அரசாட்சிக்கு அது உதவவில்லை: ஹுவா லு மலைப்பகுதியில் இருந்த தின் போ லின் அப்போதே பணிய மறுத்துவிட்டார். 965இல் சுவோங் வான் போரில் மடிந்த பிறகுதான் தலைநகர் கோ லுவாவின் பிடி அடியோடு தளர்ந்தது. உச்சக்கட்டக் குழப்பம் சுமார் மூன்று ஆண்டுகளே.

வரைபடத்தில் பன்னிரண்டு சம அளவுத் துண்டுகளாக வண்ணம் தீட்டுவதும் தவறு. பெரும்பாலானோர் செவ்வாற்றுச் சமவெளியிலும் அதன் ஓரங்களிலும் ஆளுக்கொரு கோட்டையை வைத்துக்கொண்டு இருந்தவர்கள். பன்னிருவரில் ஒருவர் யார் தெரியுமா? ங்கோ குயெனின் சொந்தப் பேரன் சுவோங் ஸீ! நாட்டுக்கே வாரிசாக வேண்டியவர், தெற்கே 'தான் ஹுவா' என்ற பகுதியில் ஒரு மூலைக்கு ஒதுங்கினார். 950இல் சுவோங் வானுக்குத் துணைநின்ற தளபதி தோ கான் தாக்கும் பின்னர் தனிக்கொடி பிடித்தார். பாதிக் கதை இந்த ஒரே அரண்மனைக்குள் இருக்கிறது.

தின் போ லின் வாளால் மட்டுமே வென்றார் என்பது அடுத்த பிழை. பன்னிருவரில் ஒருவரான திரான் லாமிடம் சேர்ந்து, அவர் இறந்த பின் அந்தப் படையைத் தனதாக்கினார். பாம் பாக் ஹோ தானே வந்து சரணடைந்தார். 951இல் ங்கோ சகோதரர்கள் ஹுவா லுவை முற்றுகையிட்டபோது, அவர்களிடம் பிணையாக இருந்த தன் மகன் மீதே தின் போ லின் அம்பெய்யச் சொன்னார் என்ற கதையைப் பலரும் விரும்பிச் சொல்கிறார்கள். நமக்குக் கிடைக்கும் நாளாகமங்கள் பல நூற்றாண்டு பிந்தியவை என்பதால், 'என்கிறது நாளாகமம்' என்று ஒட்டுப்போடுவது நல்லது.

திரின், ங்குயென் என்ற இரு குடும்பங்கள் மோதிய 17ஆம் நூற்றாண்டுப் போர்களோடு இதைக் கலப்பதையும் தவிருங்கள். அது வேறு உலகம்.

968இல் தின் பேரரசராகி, நாட்டுக்கு தாய் கோ வியத் என்று பெயரிட்டதோடு எல்லாம் அடங்கியதாக முடிப்பதும் அவசரம். பன்னிருவரில் ஒருவரான ங்கோ குடும்பத்து ந்யாத் கானை வளைக்க அவருடைய தாயைத் தானே மணந்தார், தங்கையைத் தன் மகனுக்கு முடித்தார். ந்யாத் கானோ தெற்கே இருந்த சம்பா நாட்டுக்கு ஓடினார். 979இல் தின் கொலையுண்டதும் சம்பாக் கப்பற்படையைக் கூட்டிவந்தார். புயலில் அது மூழ்கியது, அவரும் மாண்டார்.