ஜிம்னியில் பாகங்களை மாற்றுவதா, அதன் எல்லையை ஏற்பதா: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்காக வண்டி வாங்கியவர்கள் முதன்முறையாகச் சேற்றிலோ பாறையிலோ சிக்கிக்கொண்டு, யாரோ ஒருவரின் டிராக்டரால் வெளியே இழுக்கப்பட்ட அன்று இரவே பெரிய டயர், உயரமான ஸ்பிரிங், இரும்பு பம்பர் என்று விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வண்டி எதனால் நின்றது என்பதைக் கண்டறியாமல் வாங்கும் பாகம் பெரும்பாலும் வேறொரு குறைக்கான மருந்தாகவே அமைகிறது. 2023 ஜூன் முதல் இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து கதவு மாருதி சுசுகி ஜிம்னியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்கும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எண்கள் வேறுபட்டாலும், மற்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கும் இதே வரிசை பொருந்தும்.

படி 1: சிக்கிய இடங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்

வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தரை எப்படி இருந்தது, எந்தச் சக்கரம் சுழன்றது அல்லது வண்டியின் எந்தப் பகுதி தரையில் இடித்தது, அப்போது டயரில் காற்றழுத்தம் எவ்வளவு, கடைசியில் எப்படி வெளியே வந்தீர்கள் என்பவையே அவை. ஓராண்டில் என் நோட்டில் ஏழு பதிவுகள் சேர்ந்தன. மூன்று முறை டயர்க் காற்றைக் குறைக்காமல் மணலிலோ கற்களிலோ இறங்கியிருந்தேன். இரண்டு முறை சக்கரம் சுழன்றதைக் கேட்டவுடன் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தேன். ஒருமுறை பொள்ளாச்சிப் பக்கம் நண்பரின் தோப்பில் வாய்க்கால் வரப்பின்மேல் வண்டியின் வயிறு உட்கார்ந்துவிட்டது. மிஞ்சிய ஒன்று, மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டில் நடந்தது.

இவற்றில் ஐந்து பதிவுகளுக்குக் காரணம் வண்டியன்று, நான். இதை ஒப்புக்கொள்ளச் சற்றுக் கூச்சமாக இருந்தாலும், ஐந்து டயர்களின் விலையை அந்த நோட்டுதான் மிச்சப்படுத்தியது.

படி 2: காசு செலவாகாத தீர்வுகளை முதலில் முடித்துவிடுங்கள்

முதலில் காற்றழுத்தம். ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் உள்ள ஸ்டிக்கரில் தார்ச்சாலைக்கான அழுத்தம் குறிப்பிடப்பட்டிருக்கும். கற்பாதையிலும் சேற்றிலும் அதை 18 முதல் 20 பிஎஸ்ஐ வரைக்கும், திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரி மணலைப் போன்ற நெகிழ்ந்த மணலில் 15 பிஎஸ்ஐ அளவுக்கும் இறக்கலாம். அழுத்தம் குறையும்போது தரையைத் தொடும் பரப்பு முன்னும் பின்னுமாக நீள்வதால், டயர் மணலைத் தோண்டாமல் அதன்மேல் மிதந்து செல்லும். கற்களின்மேலோ அவற்றின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து பிடித்துக்கொள்ளும். சாதாரண ரிம்மில் 15க்குக் கீழே போனால், திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மைவிட்டுக் கழன்றுவிடக்கூடும். காற்றைக் குறைத்த டயரோடு வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும் என்பதால், மறுபடி காற்று நிரப்பும்வரை மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். ஆகவே, எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியவை நம்பகமான அழுத்தமானியும், பேட்டரியில் கவ்வி மாட்டி இயக்கும் காற்று கம்ப்ரஸரும்தான்.

அடுத்தது ஆக்சிலரேட்டர். ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதிக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். ஜிம்னியில் அதைப் பூட்டும் இயந்திர அமைப்பு கிடையாது. அதற்கு மாற்றாக, பிடிமானம் இழந்து சுழலும் சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் போட்டு, விசையை எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு அனுப்பும் மின்னணு ஏற்பாடு இருக்கிறது. சக்கரம் சுழல்வதை உணர்ந்த பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும் என்பதையே புதியவர்கள் தவறவிடுகிறார்கள். 4எல் (நான்கு சக்கரங்களும் குறைந்த கியர் விகிதத்தில் இயங்கும்) நிலையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழலும்போது காலை எடுக்காமலும், மேலும் அழுத்தாமலும், இரண்டு மூன்று நொடிகள் ஒரே அளவாகப் பிடித்திருந்தால், பிரேக் கடகடவென்று ஒலித்து வண்டி மெல்ல ஏறுவதைப் பார்ப்பீர்கள். அந்த ஒலியைக் கேட்டு ஏதோ உடைகிறது என்று நினைத்துத்தான் நான் இரண்டு முறை காலை எடுத்தேன்.

இந்த இரண்டையும் பழகிக்கொண்டு, முன்பு சிக்கிய அதே இடத்துக்கு அதே வண்டியோடு இன்னொரு முறை போய்ப் பாருங்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகளின் அடியில் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? பட்டை ஸ்பிரிங்குகளும், அலங்காரம் ஏதுமற்ற பழைய வடிவமைப்பும்தான் அங்கே இருக்கும். ஓட்டுநருக்கு அந்தப் பாதையின் ஒவ்வொரு கல்லும் தெரியும் என்பதுதான் அவற்றை ஏற்றிவிடுகிறது.

படி 3: எடைக் கணக்கைப் போடுங்கள்

முடிவெடுப்பதில் அதிகம் உதவுவதும், யாரும் செய்யாமல் விடுவதும் இந்தக் கணக்குத்தான். ஐந்து கதவு ஜிம்னியின் வெற்று எடை வகையைப் பொறுத்து 1195 முதல் 1210 கிலோ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1545 கிலோ. ஆக, ஆட்களும் பொருள்களும் நீங்கள் பொருத்தும் பாகங்களும் சேர்ந்து 335 முதல் 350 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

ஆளுக்கு 70 கிலோ வீதம் நால்வர் ஏறினால் 280 கிலோ போய்விடும். தண்ணீர், கருவிகள், கம்ப்ரஸர், கயிறு, உணவு ஆகியவற்றுக்கு 35 கிலோ வையுங்கள். மிஞ்சுவது 20 முதல் 35 கிலோ. சிக்கிய வண்டியை இழுக்க உதவும், இரும்புக் கம்பிச் சுருளோடு கூடிய ஒரு விஞ்ச் மட்டுமே ஏறக்குறைய 30 முதல் 40 கிலோ இருக்கும். அதைத் தாங்கும் இரும்பு பம்பர் தனிக் கணக்கு. நான்கு பேராகப் பயணம் செய்யும் குடும்பத்துக்கு ஜிம்னியில் விஞ்ச் என்பது இந்த இடத்திலேயே முடிந்துபோன பேச்சு. எப்போதும் இருவர் மட்டுமே போகிறவர்களுக்குக் கையில் 140 கிலோ கூடுதலாக இருப்பதால், அவர்கள் அதைப் பற்றி யோசிக்கலாம். ஒரே வண்டியில் ஒருவருக்குப் பொருந்தும் மாற்றம் இன்னொருவருக்கு ஆகாமல் போவது இதனால்தான்.

எடை எங்கே ஏறுகிறது என்பதும் முக்கியம். முன் பம்பரில் தொங்கும் எடை முன் ஸ்பிரிங்கை அமுக்குவதால், காசு கொடுத்து ஏற்ற நினைத்த உயரத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும். கூரையில் ஏற்றும் எடையோ புவியீர்ப்பு மையத்தை மேலே தூக்கி, சரிவில் வண்டி பக்கவாட்டில் கவிழும் வாய்ப்பைக் கூட்டிவிடும். குறுகிய உடலும் உயர்ந்த கூரையும் கொண்ட இந்த வண்டியில் கூரைச் சட்டத்தில் கேன்களை அடுக்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

படி 4: பெரிய டயர் தருவதையும் எடுப்பதையும் அளந்து பாருங்கள்

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களிலிருந்தே அதன் விட்டத்தைக் கணக்கிடலாம். ஜிம்னியோடு வருவது 195/80 ஆர்15. அகலம் 195 மில்லிமீட்டர்; பக்கச்சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, அதாவது 156. அதை இரண்டால் பெருக்கி, 15 அங்குல ரிம்மின் 381 மில்லிமீட்டரைக் கூட்டினால் விட்டம் 693 மில்லிமீட்டர் என்று வரும். பலரும் ஆசைப்படும் 235/75 ஆர்15 அளவை இதேபோல் கணக்கிட்டால் 733.5 கிடைக்கும்.

வேறுபாடு 40.5 மில்லிமீட்டராக இருந்தாலும், அச்சு உயர்வது அதில் பாதிதான்; ஏனெனில் அச்சு டயரின் நடுவில் இருக்கிறது. ஆக, 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி சுமார் 230 ஆகும். விட்டம் 5.8 விழுக்காடு கூடியதால், வேகமானி முன்பைப் போலவே 80 என்று காட்டும்போது உண்மையான வேகம் ஏறக்குறைய 85 ஆக இருக்கும். சக்கரத்தின் விளிம்பில் கிடைக்கும் தள்ளுவிசை 5.5 விழுக்காடு குறைவதால், இன்ஜினின் 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 127 அளவுக்கு இறங்கிவிட்டதைப் போல உணர்வீர்கள். ஏற்றத்தில் ஏற்கெனவே மூச்சுவாங்கும் இன்ஜினுக்கு இது சிறிய இழப்பன்று. இதோடு, திருப்பத்தில் டயர் உள்பக்கம் உரசுமா, பின் கதவின் கீல்கள் கனமான மாற்று டயரைத் தாங்குமா என்ற கேள்விகளும் எழும்.

என் முடிவு, அளவை மாற்றாமல் டயரின் வகையை மட்டும் மாற்றுவதுதான். அதே 195/80 ஆர்15 அளவிலோ, விட்டம் 10.5 மில்லிமீட்டர் மட்டுமே கூடும் 215/75 ஆர்15 அளவிலோ, தடித்த பக்கச்சுவர் கொண்ட ஏ/டி (எல்லாத் தரைக்குமான) வகை டயர், புதியவர் செய்யும் முதல் மாற்றமாகவும் பெரும்பாலோர்க்குக் கடைசி மாற்றமாகவும் இருக்கலாம். பின்னால் தொங்குவதையும் சேர்த்து ஐந்தையும் ஒரே அளவில் வாங்குங்கள். நான்கு சக்கர இயக்கத்தில் ஜிம்னியின் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பிணைக்கப்படுவதால், அளவு மாறிய ஒரு டயர் மொத்தப் பல்சக்கரத் தொகுதியையும் முறுக்கிச் சிதைத்துவிடக்கூடும்.

படி 5: உயரத்தைக் கூட்டும் ஆசையைக் கேள்வி கேளுங்கள்

ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல் உயரும், அச்சு உயராது. ஜிம்னியில் முன்னும் பின்னும் ஒரே தண்டாக அமைந்த அச்சுகள் இருப்பதால், முதலில் கல்லில் இடிக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை, 50 மில்லிமீட்டர் ஸ்பிரிங் போட்ட பிறகும் அதே உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. ஸ்பிரிங்கால் பயன்பெறுவது, வரப்பில் உட்காரும் நடுவயிறும் இடிபடும் பம்பர் முனைகளும்தான்.

அந்தப் பயனுக்கும் விலை உண்டு. அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் தண்டின் சாய்வு மாறுவதால் அச்சு ஒருபக்கமாக நகரும். ஸ்டீயரிங் கோணம் மாறி, நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். பிரேக் குழாய்களின் நீளம் போதாமல் போகலாம். இவற்றையெல்லாம் சரிசெய்யும் துணைப்பாகங்களையும் சேர்த்து விலை கேளுங்கள். ஸ்பிரிங்கை மட்டும் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று அனுப்பிவைக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

படி 6: சட்டத்தையும் காப்பீட்டையும் பாருங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. முன்பக்க இரும்புத் தடுப்புகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படலாம். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறான குற்றம். எந்தப் பாகத்தைப் பொருத்தினாலும் அதற்குத் தீர்வில்லை.

படி 7: மிஞ்சியதை வைத்து முடிவெடுங்கள்

இப்போது நோட்டை மறுபடி எடுத்து, காற்றாலும் பழக்கத்தாலும் ஏ/டி டயராலும் தீர்ந்தவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சியவை ஆண்டில் எத்தனை நாள் குறுக்கிடுகின்றன என்று எண்ணுங்கள். மாதம் இருமுறை என்றால் செலவு செய்வதில் நியாயம் உண்டு. அப்போதும், வண்டியையே மாற்றுவதால் என்ன கிடைக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2020இல் வந்த மஹிந்திரா தார் வண்டியின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். ஜிம்னியைவிட 16 மட்டுமே கூடுதல். ஆனால் அதன் சில உயர்வகைகளில் பின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் இயந்திர அமைப்பு தொழிற்சாலையிலிருந்தே வருவதால், பதிவுச் சான்று பற்றிய கவலை எழாது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே குறுக்கிடும் சிக்கலென்றால், நீளும் தன்மையுள்ள ஒரு மீட்புக் கயிறும், உடன் வரும் இன்னொரு வண்டியும் போதும்.

என் நோட்டில் மிஞ்சியவை இரண்டு. கரிசல் மண் ஈரத்தில் பசைபோல் ஒட்டி டயரின் பள்ளங்களை அடைத்துவிடுவதால், எந்த டயரும் சற்று நேரத்தில் வழுவழுப்பான உருளையாகிவிடும். அதற்கு நான் கண்ட வழி, வெயிலடித்து மண் காயும்வரை இரண்டு நாள் பொறுப்பதுதான். வாய்க்கால் வரப்பு வண்டியின் வடிவத்தோடு சேர்ந்த எல்லை. மூன்று கதவு ஜிம்னியின் அச்சிடைத் தூரம் 2250 மில்லிமீட்டராக இருக்க, நம்முடையது 2590ஆக நீண்டிருப்பதால், மேட்டைக் கடக்கும் கோணம் 28 பாகையிலிருந்து 24ஆகக் குறைந்துவிட்டது. உயர்த்திய ஸ்பிரிங் அதில் ஒரு பகுதியை மீட்டுத்தரும் என்பது உண்மைதான். ஆயினும் அந்த வரப்பை நான் ஆண்டுக்கு மூன்று முறைதான் கடக்கிறேன். நண்பரின் தோப்பில் இரண்டு தென்னந்துண்டுகள் இப்போது அதன் ஓரத்திலேயே கிடக்கின்றன. இறங்கி அவற்றைச் சக்கரங்களின் தடத்தில் உருட்டி வைத்து, கடந்த பிறகு திரும்ப ஓரமாகப் போட எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது.